டாங்கெ: நினைப்பிலிருந்து பிறந்த நன்றி



பாடம் முடிந்து மணி அடித்ததும் நம் வகுப்புகளில் நடப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். வகுப்புத் தலைவன் எழுந்து நிற்பான். முப்பது பேரும் சேர்ந்து "நன்றி... ஆசிரியர்..." என்று ராகம் போட்டு இழுப்பார்கள். பாதிப் பேர் அதற்குள் புத்தகப் பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். சென்ற ஆண்டு ஒருநாள் அப்படி இழுத்து முடித்த பிறகு, படிவம் 4 மாணவி ஒருத்தி மட்டும் போகாமல் நின்றாள். "ஆசிரியர், திருக்குறள்ல நன்றின்னா நன்மை, உதவின்னு சொல்லிக் கொடுத்தீங்க. அப்ப நாங்க தினமும் 'உதவி ஆசிரியர்'னா சொல்றோம்?" வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் சட்டென்று வரவில்லை.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது தமிழ் அகராதியில் இல்லை என்பதுதான் வேடிக்கை. சில ஆண்டுகளுக்கு முன் ஆசைக்காக மாலை வகுப்பில் ஜெர்மன் படித்தேன். அங்கே முதல் பாடத்தில் வந்த ஒரு சின்னச் சொல்லின் வரலாற்றில்தான் கிடைத்தது. அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்தேன்.

முதலில் நான் காப்பியை இழந்த கதை. வகுப்பில் எங்களுக்குக் கற்பித்தவர் வயதான ஜெர்மானியப் பெண்மணி. ஒரு மாலை எல்லாருக்கும் காப்பி ஊற்றிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்து "இன்னும் கொஞ்சம்?" என்றார். நானும் படித்ததைக் காட்ட வேண்டுமே என்று மரியாதையாக "டாங்கெ" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். என்ன தவறு செய்தோம் என்று எனக்குப் புரியவில்லை. பிறகுதான் சொன்னார்: ஒன்றைத் தர நீட்டும்போது வெறும் "டாங்கெ" என்றால் "வேண்டாம், போதும்" என்று பொருள். வேண்டுமென்றால் "பிட்டெ" சொல்ல வேண்டும், அல்லது "ஆமாம், விருப்பத்தோடு" என்ற பொருளில் "யா, கெர்ன்" என்று சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பந்தியில் இலைக்கு மேலே கையை மறித்துப் "போதுங்க" என்போமே, அதுபோல. நீ தர நினைத்ததே போதும், நான் பெற்றுக்கொண்டதாக ஆகட்டும் என்பது அதன் உள்கருத்து.

அன்றிலிருந்துதான் இந்தச் சொல்லை விடாமல் துருவ ஆரம்பித்தேன்.

"டாங்கெ" என்பது பெயர்ச்சொல் அல்ல, வினை. "இஷ் டாங்கெ", அதாவது "நான் நன்றி சொல்கிறேன்" என்பதில் "நான்" உதிர்ந்துபோய் மிச்சம் நிற்பது. பதிலுக்குச் சொல்லும் "பிட்டெ"யும் அப்படித்தான். "நான் வேண்டுகிறேன்" என்பதன் சுருக்கம் அது. நன்றி சொன்னவரிடம் "ஐயோ, அதெல்லாம் வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன்" என்று சொல்வதுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஆக, ஒருவர் நன்றி சொல்ல, மற்றவர் வேண்டிக்கொள்ள, அன்றாடம் கோடி முறை இந்த நாடகம் நடக்கிறது. யாரும் அதைக் கவனிப்பதில்லை.

இந்த வினையின் வேர்தான் சுவையானது. பழைய உயர் ஜெர்மன் என்று சொல்லப்படும் மொழிநிலையில், ஏறத்தாழ கி.பி. 750க்கும் 1050க்கும் இடையில், "டங்க்" என்ற சொல்லுக்கு நன்றி என்ற பொருளும் உண்டு, எண்ணம் என்ற பொருளும் உண்டு. "டெங்கென்" என்றால் நினைத்தல்; "டாங்கென்" என்றால் நன்றி சொல்லுதல். இரண்டும் உடன்பிறந்தவை. ஆங்கிலத்தின் "திங்க்", "தேங்க்" ஜோடியும் அதே குடும்பம்தான். உச்சரித்துப் பாருங்கள், காதுக்கே தெரியும். ஒருவர் செய்ததை மனத்தில் வைத்திருக்கிறேன் என்பதே நன்றியின் தொடக்கப் பொருள். வாயால் சொல்வது பிறகு வந்தது.

மலாய்க்காரர்களின் "தெரிமா காசே"யில் பெற்றுக்கொள்வது இருக்கிறது, அன்பு இருக்கிறது. நம் "நன்றி"யில் நன்மை இருக்கிறது. ஜெர்மனில் நினைப்பு இருக்கிறது. அந்த மாணவியிடம் மறுநாள் இவ்வளவு தூரம்தான் சொன்னேன். ஆனால் வரலாறு இத்தோடு நிற்கவில்லை. நினைப்பாகப் பிறந்த சொல் வழியில் பல மூட்டைகளைச் சுமந்தது.

முதல் மூட்டை, பரிசு. வீரர்கள் குதிரையேறி ஈட்டியால் மோதும் போட்டிகளில் வென்றவனுக்குத் தரும் பரிசுக்கும் "டாங்க்" என்றே பெயர் இருந்தது. நன்றி என்பது கையில் கொடுக்கும் பொருளாகிவிட்டது, பாருங்க. ஷில்லர் 1797இல் எழுதிய "கையுறை" என்ற கதைப்பாடல் இந்த இரட்டைப் பொருளின் மேல்தான் நிற்கிறது. அரசன் முன்னிலையில் சிங்கமும் புலியும் சிறுத்தைகளும் நிற்கும் களத்தில் ஒரு சீமாட்டி தன் கையுறையை வேண்டுமென்றே நழுவவிடுகிறாள். என்மேல் அன்பிருந்தால் எடுத்து வா என்று வீரனிடம் சொல்கிறாள். அவன் இறங்கி, விலங்குகளுக்கு நடுவிலிருந்து அதை எடுத்து வருகிறான். அவள் காதல் பார்வையோடு காத்திருக்க, அவன் கையுறையை அவள் முகத்தில் எறிந்து, அவளுடைய "டாங்க்" தனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். நன்றியும் வேண்டாம், பரிசும் வேண்டாம். ஒரே சொல்லில் இரண்டுக்கும் மறுப்பு.

இதில் எனக்குப் பிடித்தது பாட்டுக்குப் பின்னால் நடந்த சமாச்சாரம். ஒரு பெண்ணின் முகத்தில் எறிவது நாகரிகமாக இல்லையே என்று வைமார் அரசவையைச் சேர்ந்த ஷார்லொட்டெ ஃபொன் ஷ்டைன் அம்மையார் குறைப்பட்டுக்கொண்டாராம். ஷில்லரும் முதல் அச்சில் அந்த இடத்தை மாற்றி, வீரன் குனிந்து வணங்கிச் சொல்வதாக எழுதினார். பிறகு மனம் கேட்காமல் பழையபடி எறிய வைத்தார். நன்றியை எப்படி மறுப்பது என்பதில்கூட மரியாதைச் சண்டை!

இரண்டாவது மூட்டை, படிநிலை. இது நமக்கு மிக நெருக்கமானது. "டாங்கென்" என்ற வினை நான்காம் வேற்றுமையைக் கேட்கும். நாம் "உங்களுக்கு" என்று "கு" சேர்ப்பதுபோலவே அவர்களும் யாருக்கு என்று சொல்ல வேண்டும். யாருக்கு என்று வந்துவிட்டாலே "உனக்கா, உங்களுக்கா" என்ற கேள்வி வந்துவிடும், இல்லீங்களா? இன்றைய ஜெர்மனில் இரண்டே தெரிவுகள்: நெருங்கியவருக்கு "டீர்", மற்றவருக்கு "ஈனென்". ஆனால் 18ஆம் நூற்றாண்டில் கதை வேறு.

லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் கொட்ஷெட் அந்த நூற்றாண்டின் நடுவில் பெயர்பெற்ற இலக்கண ஆசிரியர். அவர் முன்னிலையில் பேசும் முறையை ஐந்தாகப் பிரித்தார். "டூ" இயல்பானது, நம் நீ மாதிரி. "ஈர்" பழைய மரியாதை. அது பன்மை, நம் நீங்கள் பிறந்த அதே வழியில் பிறந்தது. "ஏர்" இடைத்தர மரியாதை. அது படர்க்கை ஒருமை, அதாவது எதிரில் நிற்பவரைப் பார்த்தே "அவர்" என்று சொல்வது. "ஸீ" புதிய மரியாதை. அது படர்க்கைப் பன்மை, "அவர்கள்". கடைசியில் ஒன்று, "அன்னவர்கள்" என்பதுபோல வரும் மிகை மரியாதை. எதிரில் நிற்பவரை அவர் என்பதா என்று வியக்க வேண்டாம். "ஐயா சாப்பிட்டாங்களா?" என்று அந்த ஐயாவிடமே கேட்கும் பழக்கம் நம் தாத்தா பாட்டியிடம் இருந்ததுதானே. நேராகச் சுட்டாமல் கொஞ்சம் விலகி நின்று பேசுவது மரியாதை என்ற எண்ணம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இந்த ஏணியில் வேடிக்கை என்னவென்றால், மேலே புதிய படி ஒன்று முளைத்ததும் கீழே உள்ள படி மதிப்பிழந்துவிடும். "ஏர்" ஒரு காலத்தில் மரியாதை. "ஸீ" வந்த பிறகு அது எசமானர் வேலைக்காரனிடம், அதிகாரி சிப்பாயிடம் பேசும் சொல்லாகத் தாழ்ந்துவிட்டது. 1836-37இல் கியோர்க் பியூஷ்னர் எழுதி முடிக்காமல் விட்ட "வொய்செக்" நாடகத்தில் படைத்தலைவர் அந்த ஏழைச் சிப்பாயை "ஏர்" என்றே அழைப்பார். அப்படிப்பட்டவர் "அவனுக்கு நன்றி" என்று சொன்னால் எப்படி இருக்கும்? நன்றி சொன்ன அதே மூச்சில் "உன் இடம் கீழே" என்றும் சொல்லியாகிவிட்டது. அகராதியில் உள்ள பொருள் நன்றி. காதில் விழுவது அவமதிப்பு.

கடைசியில் "ஸீ" நிலைத்தது. இன்று ஒரு ஜெர்மானியர் உங்களிடம் "இஷ் டாங்கெ ஈனென்" என்று சொன்னால், சொல்லுக்குச் சொல் அது "அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்" என்பதுதான். எழுத்தில் மட்டும் வேறுபாடு உண்டு: முன்னால் இருக்கும் உங்களைக் குறித்தால் முதல் எழுத்து பெரிது, வேறு யாரோ அவர்களைக் குறித்தால் சிறிது. பேச்சில் அதுவும் கிடையாது. கடிதங்களில் "டூ"வையும் பெரிய எழுத்தில் எழுதுவது பழைய வழக்கம். 1996ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் அதைச் சிறியதாக்கச் சொன்னது. மக்களுக்கு மனம் ஒப்பவில்லை. 2006இல் கடிதத்தில் பெரிய எழுத்தும் போடலாம் என்று விட்டுக்கொடுத்தார்கள். நம்ம பிள்ளைகள் அலுவல் கடிதத்தில் "இக்கண்" போட மறந்தால் மதிப்பெண் குறைக்கிறோமே, அந்த நினைப்பு வந்தது எனக்கு.

மூன்றாவது மூட்டை, கடன். ஜெர்மானியர்களின் நன்னடத்தை பற்றிப் பேசினால் அடோல்ஃப் க்னிகெ பெயர் வராமல் இருக்காது. அவர் 1788இல் வெளியிட்ட நூலின் பெயர் "மனிதர்களோடு பழகுவது பற்றி". இன்று "க்னிகெ" என்றால் கத்தியை எந்தக் கையில் பிடிப்பது என்று சொல்லும் வழிகாட்டிப் புத்தகம் என்றே பொருளாகிவிட்டது. பாவம், அவர் எழுதியது அதுவல்ல. பலவகை மனிதரோடு, மேலோரோடும் கீழோரோடும், மானத்தோடு எப்படிப் பழகுவது என்பதே அவர் அக்கறை. அதில் ஓர் அத்தியாயத் தலைப்பைப் பார்த்து நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உதவி செய்பவருக்கும் பெறுபவருக்கும் உள்ள உறவு, ஆசிரியருக்கும் மாணவருக்கும் உள்ள உறவு, கடன் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் உள்ள உறவு: இந்த மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்திருக்கிறார். நம்மைக் கொண்டுபோய் வள்ளலுக்கும் வட்டிக்காரருக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டார் மனிதர்!

ஆனால் யோசித்தால் அவர் காலத்து மொழியே அப்படித்தான் இருந்தது. "நான் உங்களுக்கு மிகவும் ஃபெர்புன்டென்" என்று ஒரு மரியாதைத் தொடர் உண்டு. கட்டுண்டவன் என்று பொருள். நம் "கடமைப்பட்டிருக்கிறேன்" இதற்கு அண்ணன் தம்பி முறை. கட்டு என்றால் அவிழ்க்க வேண்டும், கடன் என்றால் அடைக்க வேண்டும். அடைக்க வழியில்லாதவர் என்ன செய்வார்?

அதற்குத் தென்பகுதி மக்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும், குறிப்பாகக் கத்தோலிக்கர் வாழும் கிராமப்புறங்களில், "டாங்கெ"க்குப் பதில் "ஃபெர்கெல்ட்ஸ் கொட்" என்பார்கள். கடவுள் இதை உனக்குத் திருப்பித் தரட்டும் என்று பொருள். என்னால் முடியாது, என் சார்பில் அவர் பார்த்துக்கொள்வார் என்கிறார் வாங்கியவர். கொடுத்தவரும் சும்மா இருப்பதில்லை. "ஸேக்னெஸ் கொட்", கடவுள் அதை உனக்கு ஆசீர்வதிக்கட்டும் என்கிறார். வாங்கியவர் தலைகுனிய வேண்டியதில்லை. இருவருமே ஒருவரையொருவர் வாழ்த்திவிடுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்த என் பாட்டி யாருக்கும் நன்றி என்ற சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. "நல்லா இருப்பே சாமி" என்பார். அதைக் கேட்டவர் யாரும் நன்றி வரவில்லையே என்று நினைத்திருக்க மாட்டார்கள். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேசும் பகுதியில் இன்னொரு விந்தை: அங்கே பிரெஞ்சுச் சொல்லான "மெர்சி"தான் அன்றாட நன்றி. இப்படி ஒரே மொழிக்குள் ஊருக்கு ஒரு நன்றி.

இன்னொரு சொல்லையும் விட மனமில்லை: "எர்கென்ட்லிஷ்". "எர்கென்னென்" என்றால் அறிதல், அடையாளம் காணுதல். அதிலிருந்து வந்த இந்தச் சொல்லுக்கு நன்றியுள்ள என்று பொருள். இப்போது திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பைச் சொல்லிப் பாருங்கள்: செய்ந்நன்றி அறிதல். மாணவி கேட்டாளே, அதற்கான விடை இங்கே இருக்கிறது. அவள் சொன்னது சரி, அந்தத் தலைப்பில் நன்றி என்பது செய்யப்பட்ட உதவி. நாம் இன்று நன்றி என்று சொல்லும் உணர்வு உண்மையில் இருப்பது "அறிதல்" என்ற சொல்லில். காலப்போக்கில் பின்பாதியை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் சொல்லப் பழகிவிட்டோம். லைப்சிக் மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல், 1849 முதல் 1853 வரை கீழைநாட்டுப் பயணம் மேற்கொண்டு தமிழ் கற்றுத் திரும்பியவர். அவர் 1856இல் குறளை ஜெர்மனில் வெளியிட்டார். நன்றியை நினைப்போடு முடிந்துவைத்த மொழிக்குள், நன்றியை அறிவோடு முடிந்துவைத்த நூல் போய்ச் சேர்ந்தது. இதை எண்ணும்போது எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. "எர்கென்ட்லிஷ்" என்ற சொல்லின் பின்கதை அவ்வளவு மகிழ்ச்சியானதல்ல. இன்று ஒருவரிடம் "எர்கென்ட்லிஷ்" ஆக நடந்துகொள்வது என்றால் பெரும்பாலும் கையில் ஏதாவது பரிசோ பணமோ வைப்பது என்றாகிவிட்டது.

நன்றி வெறும் வாக்குறுதியாகிப் போனதும் உண்டு. முதல் உலகப் போரில் சண்டைக்குப் போனவர்களிடம் "தாய்நாட்டின் நன்றி உங்களுக்கு உறுதி" என்று சொல்லி அனுப்பினார்கள். 1918இல் தோற்றுத் திரும்பியவர்களில் கால் இழந்தவர்கள், கண் இழந்தவர்கள் தெருவோரத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் போரில் தானும் சிப்பாயாக இருந்த ஓவியர் ஒட்டோ டிக்ஸ், 1920இல் "தீப்பெட்டி விற்பவன்" என்ற படத்தை வரைந்தார். கையும் காலும் பார்வையும் இழந்த ஒருவன் நடைபாதையில் தீப்பெட்டி விற்கிறான். போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிகின்றன, எல்லாம் விலகி ஓடுகின்றன. ஒரு நாய் அவன்மேல் சிறுநீர் கழிக்கிறது. நாட்டின் நன்றி என்ற அந்தத் தொடர் பிறகு கசப்பான கேலிப் பேச்சாகவே வழங்கியது. நினைத்திருப்போம் என்று சொன்னவர்கள் நினைக்கவில்லை.

இவ்வளவு மூட்டைகளையும் சுமந்த சொல்லைத் திரும்ப அதன் வேருக்குக் கொண்டுபோனவர் ஒரு கவிஞர். அவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பால் செலான் 1920இல் செர்னொவிட்ஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். அன்று அது ருமேனியா, இன்று உக்ரைன். வீட்டு மொழி ஜெர்மன். அம்மாவுக்கு ஜெர்மன் இலக்கியத்தில் உயிர். மகன் சுத்தமான ஜெர்மன் பேச வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். 1942இல் பெற்றோர் இருவரையும் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அப்பா அங்கே இறந்தார். அம்மாவைச் சுட்டுக் கொன்றார்கள். மகன் கட்டாய உழைப்பு முகாமில் பிழைத்தார். போருக்குப் பிறகு பாரிசில் குடியேறி, பிரெஞ்சு மொழியின் நடுவில் வாழ்ந்துகொண்டு, ஜெர்மனிலேயே கவிதை எழுதினார். அம்மா கற்றுக்கொடுத்த மொழி, அம்மாவைக் கொன்றவர்களின் மொழி. இரண்டும் ஒன்றே.

1958 ஜனவரியில் பிரேமன் நகரம் தன் இலக்கியப் பரிசை அவருக்கு வழங்கியது. பரிசு பெற்றவர் மேடையேறி மரியாதையாக நன்றி சொல்ல வேண்டும். எதிரே அமர்ந்திருப்பது ஜெர்மானியர்கள், போர் முடிந்து 13 ஆண்டுகூட ஆகாத காலம். நம்மில் யாராக இருந்தாலும் என்ன சொல்லியிருப்போம்? "ஹெர்ஸ்லிஷென் டாங்க்", மனமார்ந்த நன்றி என்று வழக்கம்போலத் தொடங்கியிருக்கலாம். அவர் அப்படித் தொடங்கவில்லை. நினைத்தலும் நன்றி சொல்லுதலும் நம் மொழியில் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று, இலக்கண வகுப்பு எடுப்பதுபோலத் தொடங்கினார். அந்த ஊற்றைப் பின்தொடர்ந்தால் எங்கே போய்ச் சேருவோம் என்றும் காட்டினார்: இறந்தவர்களை நினைவுகூர்வதற்கான "கெடெங்கென்", நினைவைக் குறிக்கும் "ஆன்டெங்கென்", மனம் ஒன்றி வழிபடுவதைக் குறிக்கும் "ஆன்டாஹ்ட்". எல்லாம் அதே நினைப்பின் பிள்ளைகள். அந்த இடத்தில் நின்றுகொண்டு உங்களுக்கு நன்றி சொல்ல அனுமதியுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கவனியுங்கள், "உங்களுக்கு" என்ற இடத்தில் அவர் பயன்படுத்தியது அந்த முறையான "ஈனென்". மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் சபையில் இருந்தவர்கள் அந்த நன்றியைப் பெற்றுக்கொள்ள வேண்டுமானால், கூடவே அவர் யாரை நினைக்கிறாரோ அவர்களையும் சேர்த்துப் பெற்றுக்கொள்ள வேண்டும். குற்றம் சாட்டும் சொல் ஒன்றுகூட அந்தத் தொடக்கத்தில் இல்லை. இருப்பது வேர்ச்சொல் விளக்கம் மட்டுமே.

இதே சொல்லுறவை அவருக்கு முன்பே தத்துவஞானி ஹைடெகர் 1951-52இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக விரிவுரைகளில் பேசியிருந்தார். செலான் அவரைப் படித்தவர். ஹைடெகரோ 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அதற்காகப் பொதுவில் ஒருபோதும் வருத்தம் சொல்லாதவர். ஒரே வேர்ச்சொல் விளக்கம், இரண்டு வாய்களில். 1967இல் செலான் அவரை அவருடைய மலைக்குடிலுக்கே போய்ச் சந்தித்தார். ஒரு சொல் வரும் என்ற எதிர்பார்ப்போடு போனவர் அவர்.

அந்த மாணவி இப்போது படிவம் 5. இந்த ஆண்டு தொடக்கத்தில் அவளுக்குச் செலான் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். "அப்ப அவரு அவங்களுக்கு நன்றி சொன்னாரா, இல்லையா ஆசிரியர்?" என்று கேட்டாள். நீ என்ன நினைக்கிறே என்று திருப்பிக் கேட்டேன். இன்னும் யோசிக்கிறாளாம். மணி அடித்துவிட்டது, வழக்கம்போல எல்லாரும் இழுத்தார்கள். அவள் மட்டும் இழுக்காமல் சொன்னதுபோல எனக்குக் கேட்டது.